நாக்குக்கு வெட்கம் கிடையாது!

பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தாய். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினாய். தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்கள் வீட்டில். இன்றைக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் எதிரே வந்து நின்று இரண்டு வார்த்தை பேசினால், 'போன்ஜூர்' தாண்டி உன் வாயிலிருந்து ஏதாவது வருமா?

வராது. ஏன்? மூளை இல்லையா? இருக்கிறது. இலக்கணம் தெரியாதா? வினைத்திரிபுப் பட்டியலை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாய். அப்புறம் எதுதான் தடுக்கிறது? 'தப்பாச் சொல்லிட்டா சிரிப்பாங்களே!' இந்த ஒரே நினைப்பு. பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் பத்து வருடமாக உணவக அடுப்படியில் நிற்கும் அண்ணனையும் இதே நினைப்புதான் கட்டிப் போட்டிருக்கிறது. மருத்துவரிடம் போகும்போது பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப் போகும் அக்காவையும் இதே நினைப்புதான் ஊமையாக்கி வைத்திருக்கிறது.

நாக்கு ஒரு தசை, தம்பி. தங்கையே, நீயும் கேள். பழக்கினால் பழகும், விட்டால் மரத்துப்போகும். அதற்கு வெட்கம் கிடையாது. வெட்கப்படுவதெல்லாம் நீதான். பிரெஞ்சு உச்சரிப்பு கடவுள் கொடுத்த வரம் என்று எவனாவது சொன்னால் நம்பாதே. அது விதிகளால் கட்டிய மொழி. விதியைப் பிடித்தால் மொழி பிடிபடும். இன்னொன்றும் சொல்கிறேன்: அந்த விதிகளில் பாதியைத் தமிழ் உன் வாயில் ஏற்கெனவே பழக்கி வைத்திருக்கிறது. நம்ப முடியவில்லையா? மேலே படி.

பேரரசரே சறுக்கிய இடம்

முதலில் அந்தப் பயத்தை உடைப்போம். பிரெஞ்சின் எழுத்து வேறு, ஒலி வேறு. பறவைகளைக் குறிக்கும் சொல்லுக்கு ஏழு எழுத்து: ஓ, ஐ, எஸ், ஈ, ஏ, யூ, எக்ஸ். ஒலிப்பதோ 'வாஸோ' என்று இரண்டே அசை. ஏழில் ஒன்றுகூடத் தன் பெயருக்குரிய ஒலியோடு வராது. 'அவன் பேசுகிறான்', 'அவர்கள் பேசுகிறார்கள்' இரண்டையும் எழுதினால் வால் வேறு வேறு. சொன்னால் இரண்டும் 'இல் பார்ல்' தான்.

இதைப் பார்த்து மிரண்டவன் நீ மட்டுமா? 1857-ல் மூன்றாம் நெப்போலியனின் அவையில், பேரரசி யூஜெனி கேட்டுக்கொண்டபடி, எழுத்தாளர் புரோஸ்பேர் மெரிமே ஒரு 'டிக்டேஷன்' வைத்தார். பிரான்சின் பேரரசருக்கு 75 பிழை, பேரரசிக்கு 62, புகழ்பெற்ற எழுத்தாளரான இளைய அலெக்சாந்தர் தூமாவுக்கு 24. குறைந்த பிழை யாருக்கு? தாய்மொழி ஜெர்மனான ஆஸ்திரிய இளவரசர் மெட்டர்னிக்குக்கு! மூன்றே மூன்று. பிரெஞ்சுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கணக்கு இது. அரியணையில் உட்கார்ந்தவர் எழுபத்தைந்து தப்பு செய்துவிட்டு அரசாண்டிருக்கிறார். நீ ஒரு தப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்!

இன்னும் கேள். 1794-ல் பாதிரியார் கிரெகுவார் புரட்சி அரசின் சபைக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். நாட்டில் குறைந்தது 60 லட்சம் பேருக்குப் பிரெஞ்சே தெரியாது என்று அதில் சொன்னார். பிரத்தோன், ஒக்சித்தான், பாஸ்க் என்று அவரவர் மொழி அவரவருக்கு. பிரான்சின் குடியானவர்களே பள்ளிக்கூடப் பெஞ்சில் உட்கார்ந்து, அசை அசையாகச் சொல்லிப் பழகித்தான் பிரெஞ்சுக்குள் வந்தார்கள். இன்றைய பிரெஞ்சுக்காரர்களின் பாட்டன்மார் ஏறிய அதே படியில் ஏற உனக்கு என்ன தயக்கம்?

பிரித்தால் பயம் போகும்

பலாப்பழத்தை யாரும் முழுசாக விழுங்குவதில்லை. பிளந்து, சுளை சுளையாக எடுத்துத்தான் தின்கிறோம். பிரெஞ்சுச் சொல்லுக்கும் அதுதான் வழி. அதன் சுளை, அசை.

விதி மிகச் சின்னது. இரண்டு உயிருக்கு நடுவே ஒரே மெய் நின்றால், அது பின்னால் வரும் உயிரோடு போகும். நண்பன் 'அ-மி'. சோபா 'க-ன-பே'. விலங்கு 'அ-னி-மால்'. இரண்டு மெய் நின்றால் ஆளுக்கொரு பக்கம்: பேசுவது 'பார்-லே', புறப்படுவது 'பார்-தீர்', நம்பிக்கை 'எஸ்-புவார்'. ஆனால் ப, த, க போன்ற வல்லின மெய்க்குப் பின்னால் லகரமோ ரகரமோ வந்தால் ஜோடியைப் பிரிக்காதே: கரும்பலகை 'தா-ப்லோ', 'பிறகு' என்பது 'ஆ-ப்ரே'. சி, எச் சேர்ந்தால் ஒரே ஒலி. ஜி, என் சேர்ந்தாலும் ஒரே ஒலி. அந்த இரட்டையரைக் கத்தி வைத்து வெட்டாதே. முடிந்தது! பக்கம் பக்கமாகப் பயமுறுத்தும் பாடத்தின் முதுகெலும்பு இவ்வளவுதான்.

இந்த விதியைப் பார்த்ததும் உனக்கு எதுவும் தோன்றவில்லையா? மெய் முன்னே, உயிர் பின்னே. இரண்டும் சேர்ந்து ஓர் அலகு. நம் உயிர்மெய் எழுத்து இதுதானே! ஆங்கிலக் குழந்தை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிக்கிறது. நீயோ 'க-டல்' என்று அசையாகவே பார்த்து வளர்ந்தவன். பத்தாம் வகுப்பில் குறளை அலகிட்டு, நேர், நிரை பிரித்து, வாய்பாடு எழுதி மதிப்பெண் வாங்கியவன். பிரெஞ்சுக் கவிஞர்களும் அசையை எண்ணித்தான் வரி கட்டினார்கள். அவர்களுடைய புகழ்பெற்ற 'அலெக்சாந்திரேன்' வரிக்குப் பன்னிரண்டு அசை. எண்ணிப் பழகிய உனக்கு இது புதிதா?

ஆங்கிலத்தில் அழுத்தம் எந்த அசையில் விழும் என்று சொல்லுக்குச் சொல் மனப்பாடம் பண்ண வேண்டும். பிரெஞ்சில் அந்தத் தொல்லை இல்லை. அசைகள் ஏறத்தாழச் சமமாக ஓடும். தொடரின் கடைசி அசையில் மட்டும் கொஞ்சம் நீண்டு நிற்கும். அசைகளைச் சமமாக ஓடவிடுவது தமிழ் நாக்குக்கு இயல்பு. இங்கிலீஷ் பேசும்போது 'ஒரே சீராகப் பேசுகிறாய்' என்று உன்னைக் கேலி செய்தார்களே, பிரெஞ்சில் அதுவே உனக்குப் பலம்!

உன் வாயில் பாதி பிரெஞ்சு

மொலியேர் 1670-ல் ஒரு நாடகம் எழுதி பதினான்காம் லூயி மன்னனுக்கு முன்னால் அரங்கேற்றினார். முஸ்யே ஜூர்தேன் என்ற பணக்காரர் அதில் கதாநாயகர். கனவான் ஆக வேண்டும் என்று ஆசை. ஆசிரியர் வைத்துப் படிக்கிறார். ஒருநாள் ஆசிரியர் உரைநடை என்றால் என்ன என்று விளக்குகிறார். மனிதர் திகைத்துப் போகிறார்: நாற்பது வருடத்துக்கு மேலாகத் தான் பேசிவந்ததெல்லாம் உரைநடை என்று அவருக்குத் தெரியவே தெரியாது! அரங்கம் சிரிக்கிறது.

நீயும் ஒரு ஜூர்தேன் தான். பிரெஞ்சு மூக்குயிரை நினைத்து நடுங்குகிறாய். பிறந்ததிலிருந்து அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறாய்!

சோதித்துப் பார். மேடையில் சொல்வது போல வேண்டாம். டீக்கடையில் சொல்வது போல 'வந்தான்' என்று சொல். கடைசி னகரத்துக்கு நாக்கு மேலே போய் ஒட்டியதா? இல்லை. ஆகாரமே மூக்கில் கலந்து நின்றுவிட்டது. இப்போது 'மரம்', 'பணம்' சொல். உதடு மூடியதா? மூடவில்லை. ஏறக்குறைய 'ஓ' போல ஒன்று மூக்கு வழியாக வெளியே வந்தது. முதலாவதுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் 'வெள்ளை' என்பதற்கான பிரெஞ்சுச் சொல் 'பிளான்'. இரண்டாவதுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் 'நல்ல' என்பதற்கான 'போன்'. அந்த 'ன்' எழுத்துக்காகப் போட்டது. ஒலியில் அது மூச்சாகக் கரைந்துவிடும். நான்கு மூக்குயிர்களையும் பழக்க 'அன் போன் வேன் பிளான்' என்று ஆசிரியர்கள் ஒரு தொடர் சொல்லிக்கொடுப்பார்கள்: ஒரு நல்ல வெள்ளை ஒயின். பாரிஸில் பலர் இந்த நான்கில் இரண்டை இப்போது ஒன்றாகவே ஒலிக்கிறார்கள். அவர்களே ஒன்றைக் குறைத்துக்கொண்டார்கள். நீ ஏன் பதறுகிறாய்?

அடுத்தது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு 'பாட்டு' என்று சொல். காற்று அடிக்காது. ஆங்கிலேயன் அந்தப் பகரத்தைச் சொன்னால் கையில் காற்று அடிக்கும். பிரெஞ்சுக்காரன் 'பாரி' என்று தன் தலைநகரைச் சொல்லும்போது உன்னைப் போலவேதான், காற்றில்லாமல் சொல்கிறான். அவனுடைய 'டி' (T) எழுத்து ஒலியும் பல்லில் நாக்குப் படும் ஒலி. 'பத்து' என்பதில் வரும் தகரம். மேசை அவனுக்கு 'தாப்ல்'. நாமோ ஆங்கிலப் பழக்கத்தில் 'டாப்ல்' என்று சொல்லிக் கெடுக்கிறோம். ஆங்கிலத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுத் தமிழ் நாக்கோடு போ. பாரிஸ்காரர் காதுக்கு நெருக்கமாகப் போய்ச் சேர்வாய்.

இன்னும் ஓர் அழகு. 'படம்' என்பதில் டகரம் மெலிகிறது. 'பட்டம்' என்பதில் வலிக்கிறது. ஒற்றையாக உயிர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் மெலியும், இரட்டித்தால் வலிக்கும். இது நம் பழக்கம். பிரெஞ்சு 'எஸ்' எழுத்துக்கும் இதே சட்டம்தான். இரட்டை எஸ் வந்தால் 'ஸ'. ஒற்றை எஸ் இரண்டு உயிருக்கு நடுவே வந்தால் தேனீ ரீங்கரிப்பது போன்ற 'இசட்' ஒலி. இரட்டையாக எழுதினால் அது மீன். ஒற்றையாக எழுதினால் விஷம். உணவகத்தில் போய் மீன் கேட்கும்போது இந்தச் சட்டம் உயிர் காக்கும்!

இல்லாத ஒலியை உண்டாக்கு

எல்லாமே உன்னிடம் இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். சில ஒலிகள் தமிழில் கிடையாது. அதற்காக ஓடலாமா?

புதுச்சேரி போயிருக்கிறாயா? கடற்கரைப் பக்கத்துத் தெருப் பலகைகளில் பெயருக்கு முன்னால் ஆர், யூ, ஈ என்று மூன்றெழுத்து இருக்கும். 'தெரு' என்று பொருள். அதை 'ரூ' என்று படித்தால் சக்கரம் ஆகிவிடும். அந்த யூ-வின் ஒலி நம்மிடம் இல்லை. ஆனால் அதைச் செய்யும் உறுப்புகள் அத்தனையும் உன் முகத்தில் இருக்கின்றன. கண்ணாடி முன்னால் நில். 'ஈ' என்று நீட்டிச் சொல். நிறுத்தாதே. நாக்கை அசைக்காதே. உதட்டை மட்டும் 'ஊ' சொல்வது போலக் குவி. வந்துவிட்டது பார்! அதுதான். இதேபோல 'ஏ' சொல்லிக்கொண்டே உதட்டை 'ஓ' போல ஆக்கு. 'இரண்டு' என்ற சொல்லின் உயிர் கைக்கு வரும். 'மேலே' என்பதும் 'கீழே' என்பதும் பிரெஞ்சில் முதலில் சொன்ன அந்த யூ-வின் ஒலியால்தான் வேறுபடுகின்றன. உதடு குவிந்து நாக்கு முன்னே இருந்தால் மேலே. நாக்கு பின்னே போனால் கீழே. உன் நாக்கு இருக்கும் இடத்தில் உன் இடமும் இருக்கிறது!

ரகரம்? இன்றைய பிரெஞ்சு ரகரம் உள்நாக்குக்குப் பக்கத்தில், தொண்டையில் உரசி வருவது. 'அது மட்டும் எனக்கு வராது சார்' என்று கையை விரிக்கிறாயா? அதே மொலியேர் நாடகத்தில் ஜூர்தேனுக்கு ரகரம் சொல்லிக்கொடுக்கிறார் ஆசிரியர். எப்படி? நாக்கு நுனியை மேலண்ணத்துக்குக் கொண்டுபோய் அதிரவிடச் சொல்கிறார். கிட்டத்தட்ட நம் ரகரம்! பதினான்காம் லூயி காலத்துப் பிரெஞ்சு உன்னைப் போலத்தான் உருட்டியது. ஆகவே தொண்டை ரகரம் வரும்வரை உன் ரகரத்தோடு தைரியமாகப் பேசு. யாருக்கும் புரியாமல் போகாது. தினமும் வாய் கொப்பளிக்கும்போது தொண்டையில் எழும் சத்தத்தைக் கவனி. தண்ணீர் இல்லாமல் அதையே மெல்லச் செய்து பார். சில வாரத்தில் தொண்டை வழிக்கு வரும்.

புணர்ச்சி படித்தவன் நீ!

பிரெஞ்சு கேட்டால் ஏன் ஒன்றும் புரிவதில்லை? எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று தெரிவதில்லை. அவ்வளவுதான் விஷயம். சொற்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு வருகின்றன. இதற்கு நம் ஊரில் பெயர் உண்டு: புணர்ச்சி.

பால், ஆறு சேர்ந்தால் பாலாறு. மெய்யில் முடிந்த சொல் அடுத்த உயிரை ஏற்றிக்கொள்கிறது. 'அவளோடு' என்பதற்குப் பிரெஞ்சில் 'அவெக்', 'எல்' இரண்டும் சேர்ந்து 'அ-வெ-கெல்' ஆகிறது. அதே கதை. தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று விகாரம் படித்தாயே, மறந்துவிட்டதா? மூன்றும் பிரெஞ்சில் உண்டு!

தோன்றல்: மணி, ஓசை சேரும்போது நடுவே யகரம் தோன்றி 'மணியோசை' ஆகிறது. 'ஆ', 'இல்' என்ற இரண்டு பிரெஞ்சுச் சொற்கள் கேள்வியில் சேரும்போது நடுவே தகரம் தோன்றி 'ஆ-தில்' ஆகிறது. உயிரும் உயிரும் மோதக்கூடாது என்ற அதே அக்கறை. திரிதல்: பெரிய மனிதர் என்பதற்கான 'கிரான்', 'ஓம்' சேரும்போது எழுத்தில் உள்ள 'டி' (D) தகரமாகத் திரிந்து 'கிரான்-தோம்'. கெடுதல்: வீடு, இல்லை சேர்ந்து 'வீடில்லை' ஆகும்போது உகரம் ஓடிவிடுகிறது, 'லெ', 'அமி' சேர்ந்து 'லமி' ஆகும்போது எகரம் ஓடிவிடுகிறது.

ஒன்று மட்டும் அவர்களுக்கே உரியது. சொல்லின் கடைசியில் ஒலிக்காமல் தூங்கும் மெய், அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் விழித்துக்கொள்ளும். 'வூ' என்றால் நீங்கள்; அதோடு 'ஆவே' சேர்ந்தால் 'வூ-ஸா-வே', உங்களிடம் இருக்கிறது. 'லியேஸோன்' என்று இதற்குப் பெயர். எங்கே எழுப்ப வேண்டும், எங்கே எழுப்பக் கூடாது என்பதில்தான் சுவாரசியம். 'வீரர்கள்' என்பது 'லே ஏரோ'. நடுவே எஸ்ஸை எழுப்பிவிட்டால் 'லே ஸேரோ', அதாவது பூஜ்யங்கள்! வீரனையும் பூஜ்யத்தையும் பிரிப்பது ஓர் ஒலி. 'மற்றும்' என்ற பொருளுள்ள 'ஏ'-க்குப் பின்னால் ஒருபோதும் எழுப்பாதே. இந்த இரண்டையும் மனதில் குறித்துக்கொண்டு மற்றவற்றைக் காதிடம் விடு. தெருவில் 'ஜெ நெ ஸே பா' என்பது 'ஷேபா' என்று சுருங்கிப்போகும். எனக்குத் தெரியாது என்று அர்த்தம். நாம் 'என்ன செய்கிறாய்' என்பதை 'என்ன பண்றே' என்பதில்லையா? எல்லா நாக்கும் ஒரே ஜாதி.

இருபத்தைந்து எழுத்தா? வா, பார்க்கலாம்!

பிரெஞ்சின் மிக நீளமான சொல் என்று பள்ளிப் பிள்ளைகள் காலங்காலமாகச் சொல்லிவந்த சொல்லில் 25 எழுத்து. 'அரசமைப்புக்கு விரோதமாக' என்று பொருள். பார்த்தால் தலை சுற்றும். பிரித்துப் பார்.

அடியில் இருப்பது 'கோன்ஸ்தித்யுவே': அமைத்தல். அதிலிருந்து 'கோன்ஸ்தித்யுசியோன்': அரசமைப்பு. ஒரு விகுதி சேர்த்து 'கோன்ஸ்தித்யுசியொனெல்': அரசமைப்புக்குரிய. அதைப் பெண்பால் வடிவமாக்கி 'மான்' என்ற விகுதியை ஒட்டினால் வினையடை. தலையில் 'ஆன்தி' வைத்தால் எதிர்ப்பொருள். இப்போது எட்டு அசையாகச் சொல்: ஆன்-தி-கோன்ஸ்-தி-த்யு-சியொ-னெல்-மான். இன்னொரு முறை! வேகமாக! எங்கே போயிற்று அந்த இருபத்தைந்து எழுத்துப் பயம்?

நீ தினமும் இதைவிடப் பெரிய வேலை செய்கிறாய். 'படிக்காதவர்களுக்காகவும்' என்று மூச்சு விடாமல் சொல்கிறாய். படி, எதிர்மறை இடைநிலை, அவர், கள், உக்கு, ஆக, உம்! இத்தனை உறுப்பை ஒரே சொல்லில் அடுக்கிவிட்டு, பிரெஞ்சு விகுதியைப் பார்த்துப் பயப்படுவது உனக்கே அடுக்குமா?

சொல்லாக்கம் தெரிந்தவனுக்கு அகராதி பாதி போதும். ஆப்பிள் 'பொம்', மரம் 'பொம்மியே'. வாழைப்பழம் 'பனான்', மரம் 'பனானியே'. மாம்பழம் 'மாங்', மரம் 'மாங்கியே'. தேங்காய் 'கொக்கோ'; தென்னை 'கொக்கொத்தியே', நடுவில் ஒரு தகரம் தோன்றிவிட்டது, பார்த்தாயா! ஒரே ஒரு விகுதி; ஒரு தோப்பே உன் கையில். 'மெதுவான' என்பது 'லான்', பெண்பாலில் 'லான்த்', 'மெதுவாக' என்பது 'லான்த்மான்'. இந்த ஒரு சூத்திரத்தில் நூற்றுக்கணக்கான வினையடைகள் வரிசையாக வந்து நிற்கும். எதிர்மறைக்கு முன்னால் வைக்கும் ஐ-என் என்ற ஒட்டு, பகரத்துக்கு முன்னால் ஐ-எம் ஆகிறது. ரகரத்துக்கு முன்னால் ஐ-ஆர். லகரத்துக்கு முன்னால் ஐ-எல். மரம், கள் சேர்ந்து 'மரங்கள்' ஆகும்போது மகரம் பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஏற்ப மாறிக்கொள்கிறதே, அதே நாகரிகம்தான் இதுவும்.

கடிகாரத் தொழிற்சாலையில் கற்றவள்

'கொள்கையெல்லாம் சரி, எனக்கு வயதாகிவிட்டது, வேலை வேறு இருக்கிறது' என்கிறாயா? அப்படியானால் அகொதா கிரிஸ்டோஃபின் கதையைக் கேள்.

1956. ஹங்கேரியில் புரட்சி நசுக்கப்பட்டது. இருபத்தொரு வயது அகொதா, கணவரோடும் கைக்குழந்தையோடும் இரவில் எல்லை தாண்டினார். போய்ச் சேர்ந்தது பிரெஞ்சு பேசும் சுவிட்சர்லாந்தின் நூஷாத்தேல். ஒரு சொல் பிரெஞ்சு தெரியாது. கடிகாரத் தொழிற்சாலையில் வேலை. உடன் வேலை செய்த பெண்களின் பேச்சைக் கேட்டுப் பிரெஞ்சு கற்றார். ஐந்து ஆண்டுகள் கழித்துப் பேச வந்தது. ஆனால் படிக்க வரவில்லை. நான்கு வயதிலேயே படிக்கத் தெரிந்த பெண், மறுபடியும் எழுத்தறிவில்லாதவள் ஆகிவிட்டேனே என்று வருந்தினார். வருந்தி உட்கார்ந்துவிடவில்லை. இருபத்தாறு வயதில் வகுப்பில் சேர்ந்து பிரெஞ்சு படிக்கக் கற்றார். 1986-ல் அவர் பிரெஞ்சில் எழுதிய 'பெரிய நோட்டுப் புத்தகம்' நாவல் வெளிவந்தது. உலக மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டது. அடுப்படியில் நிற்கும் அண்ணா, கேட்டாயா? அந்தத் தொழிற்சாலைதான் அவருக்குப் பள்ளிக்கூடம். உன் அடுப்படியும் பள்ளிக்கூடம்தான், நீ வாயைத் திறந்தால்!

செனகலில் பிறந்த லெயோபோல் செதார் செங்கோர், பிரான்சின் மிகக் கடினமான இலக்கண ஆசிரியர் தேர்வில் 1935-ல் தேறினார். தூர் நகரத்து 'லிசே' என்னும் உயர்நிலைப் பள்ளியில் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கே மொழி சொல்லிக்கொடுத்தார். தம் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார். 1983-ல் பிரெஞ்சு அகாதெமி அவரைத் தேர்ந்தெடுத்தது. சீனாவில் பிறந்த பிரான்சுவா செங், பிரெஞ்சு தெரியாமல் 1948-ல் பாரிஸ் வந்தார். எழுபதை நெருங்கும் வயதில், 1998-ல், பிரெஞ்சில் நாவல் எழுதி 'ஃபெமினா' பரிசு பெற்றார். 2002-ல் அவரும் அகாதெமிக்குள் போனார். நம் வெ. ஸ்ரீராம் பிரெஞ்சைக் கற்று, காம்யுவின் 'அந்நியன்' நாவலை நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். இவர்களில் யார் பிரெஞ்சு நாக்கோடு பிறந்தவர்?

இன்றைக்கே தொடங்கு

சத்தம் போட்டுப் படி. பிரெஞ்சைக் கண்ணால் மட்டும் படித்ததால்தான் உன் தொண்ணூற்றெட்டு ஊமையாக நிற்கிறது. பிரெஞ்சுத் திறனைச் சோதிக்கும் 'டெல்ஃப்' தேர்வைப் பார்: கேட்டலுக்கு 25, பேச்சுக்கு 25. நூறில் பாதி காதுக்கும் வாய்க்கும்! ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. எந்தப் பிரிவிலும் ஐந்துக்குக் கீழே போகக் கூடாது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் அந்த ஐந்தும் கிடைக்காது.

பிரான்சின் ஆர்.எஃப்.ஐ. வானொலி 'எளிய பிரெஞ்சில் செய்தி' என்று தினமும் பத்து நிமிடம் வாசிக்கிறது; எழுத்து வடிவமும் இணையத்தில் கிடைக்கும். முதலில் எழுத்தைப் பார்க்காதே, கேள். பிறகு ஒரே ஒரு வாக்கியத்தை எடு. பென்சிலால் அசை பிரி. எங்கே சொல்லும் சொல்லும் கைகோக்கின்றன என்று வளைவு போடு. ஒலிக்காத எழுத்தைக் கோடு போட்டு அடி. கண்ணாடி முன்னால் நின்று, அறிவிப்பாளரின் கூடவே, அவர் வேகத்துக்குச் சொல். உன் குரலைக் கைப்பேசியில் பதிந்து அவர் குரலுக்குப் பக்கத்தில் வைத்துக் கேள். வித்தியாசம் காதில் பட்டால் கொண்டாடு. எது தவறு என்று காதுக்குத் தெரிந்த பிறகு நாக்கு தானாகத் தேடிப் போகும். ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் போதும். அதைப் பாரிஸ்காரர் திரும்பிப் பார்க்கும்படி சொல்லிவிட வேண்டும்.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அவர்களில் எத்தனை பேர் 'படிக்காதவர்களுக்காகவும்' என்று ஒரு தடவை சரியாகச் சொல்லிவிடுவார்கள் என்று கேட்டுப் பார்! நீ இரண்டாவது மொழியிலும் மூன்றாவது மொழியிலும் தடுமாறுகிறாய் என்றால், அவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறாய் என்று அர்த்தம். வாயே திறக்காதவனுக்குத் தடுமாற்றம் ஏது?

எழுந்து நில். கதவைச் சாத்தாதே, பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும். 'ஜெ' சொல். 'பார்ல்' சொல். 'ஃபிரான்-ஸே' என்று கடைசி அசையில் ஊன்றி நிறுத்து. இப்போது மூன்றையும் கோத்து, மூச்சை இழுத்து, ஓங்கிச் சொல்: ஜெ பார்ல் ஃபிரான்ஸே! நான் பிரெஞ்சு பேசுகிறேன்! இன்னும் சத்தமாக!